ரொட்டிக்காரனின் தாச்சி

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்குச் சற்று முந்திய காலத்தில், யாழ்ப்பாணத்து வலிகாமத்தில் மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்து கலப்பவளாக வேலை பார்த்தேன். கொழும்பில் பயின்று தேறி வந்து ஒரு வருடம் ஆகியிருந்தது. வேலை எனக்குப் பிடித்திருந்தது. எதற்கும் ஓர் அளவு, எந்தப் போத்தலுக்கும் ஒரு சீட்டு, எந்தச் சீட்டுக்கும் பதிவுப் புத்தகத்தில் ஒரு வரி. வீட்டிலும் நான் அப்படித்தான். பொங்கலுக்கு வேண்டிய சாமான், சலவைக்குப் போட்ட உடுப்பு, வாசித்து முடித்த புத்தகம் என்று எல்லாவற்றுக்கும் என்னிடம் பட்டியல் இருந்தது. "உவள் கோயிலுக்குப் போனாலும் பிள்ளையாரிட்டைத் துண்டு எழுதித்தான் குடுப்பாள்" என்று அம்மா அயலாரிடம் சொல்லிச் சிரிப்பார்.

அப்போது தபால் மூலம் ஒரு பரீட்சைக்கும் படித்துக்கொண்டிருந்தேன். ஆங்கிலப் பாடத்துக்கு ஒரு பயண நூலைக் குறித்திருந்தார்கள். உலகத்தின் வட கோடியில், மரமே இல்லாத பனிவெளி ஒன்றை நான்கு பேர் நடந்து கடந்த வரலாறு அது. கற்பனை இல்லை. நடந்தவர்களில் ஒருவரான வெள்ளைக்காரத் துரை தாமே எழுதியது. நூலின் தொனியைக் கொண்டு எழுதியவரின் குணத்தை விளக்க வேண்டும் என்பது எங்களுக்கு வந்த கேள்வி.

நூலை இரண்டு தரம் வாசித்தேன். ஒவ்வோர் அதிகாரத்தின் முடிவிலும் கையிருப்பில் உள்ள சாமான்களை நிறையோடு துரை எழுதியிருந்தார். மா இத்தனை இறாத்தல், தேயிலை இத்தனை, மெழுகுதிரி இத்தனை. எனக்கு அந்தப் பகுதிகள்தான் மிகவும் பிடித்தன. விடையாக நானும் ஒரு பட்டியலையே எழுதி அனுப்பினேன். எத்தனை நாய்கள், எத்தனை மைல், நால்வர் புறப்பட்டனர், மூவர் போய்ச் சேர்ந்தனர். இரண்டு வாரத்தில் விடைத்தாள் திரும்பி வந்தது. அடியில் சிவப்பு மையால், சாமான்களை எல்லாம் கண்டுபிடித்துவிட்டீர்கள், மனிதனைத்தான் காணவில்லை என்று ஆசிரியர் எழுதியிருந்தார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. இனிமேல் இந்த நூலில் பட்டியல் வரும் பக்கங்களைத் தொடுவதே இல்லை என்று முடிவு செய்தேன்.

பகல் இரண்டு மணிக்கு மருந்தறையைச் சாத்தினால் மூன்றரைக்குத்தான் மறுபடி திறக்க வேண்டும். மருந்தறைக்கு மேலே தகரம். அந்த நேரத்தில் உள்ளே இருந்தால் நாமே ஒரு கஷாயமாகிவிடுவோம். ஆகவே பெண்கள் வார்ட்டின் தெற்குக் கோடியில், வேப்பமரத்துக் காற்று வரும் யன்னலடியில் உட்கார ஒரு மர வாங்கைப் போட்டுக்கொண்டு படிப்பேன். வாங்குக்குப் பக்கத்துக் கட்டிலில் நீர்வேலிப் பெண் ஒருத்தி கிடந்தாள். நாற்பது வயதிருக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. தமையனோடு சேர்ந்து தோட்டம் செய்கிறவள். விளைந்ததைக் கடகத்தில் வைத்து, தலையில் சுமந்து அச்சுவேலிச் சந்தைக்கு நடந்து போய் விற்பவள். கூரை வளைமரத்தில் கட்டித் தொங்கவிட்ட வெங்காயப் பிடியை எடுப்பதற்காக உரலைக் கவிழ்த்து, அதன்மேல் ஏறி, உரல் உருண்டு விழுந்திருந்தாள். வலது தொடை எலும்பு முறிந்துபோயிற்று. அவளுடைய காலை நீட்டி, கயிறு கட்டி, கட்டில் முனையில் பூட்டிய கப்பிக்கு மேலால் எடுத்து, மறுமுனையில் பாரம் தொங்கவிட்டிருந்தார்கள்.

முதல் நாள் அவள்தான் பேச்சுக் கொடுத்தாள்.

"மெய்யே பிள்ளை, வாய் அசையுது, சத்தம் வரேல்லை. என்ன, செபமோ?"

"இல்லை அக்கா, படிக்கிறன்."

"நீ படிக்கலாம். எனக்கென்ன? என்னைத் துலாக்கயிறு மாதிரிக் கட்டிப்போட்டுக் கிடக்கு. கிணறு மட்டுந்தான் இல்லை. உதைச் சத்தமாய்ப் படியன், நானும் கேக்கிறன்."

"இங்கிலீசு அக்கா."

"அப்ப தமிழிலை படி."

அப்படித்தான் தொடங்கியது. ஒரு பந்தியை மனத்துக்குள் வாசித்துத் தமிழில் சொல்வேன். எதிர்க் கட்டிலில் இருந்த ரீச்சரும் காதைக் கொடுத்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் படிப்பித்தவர். குடலில் புண் என்று அவருக்கு மணிக்கொரு தரம் பால் மட்டுமே கொடுத்தார்கள். துரையின் கூட்டத்தில் சமையல் செய்தவன் ஒவ்வோர் இரவும் இரும்புத் தாச்சியில் தடித்த ரொட்டி சுடுவான். அந்த இடம் வரும்போதெல்லாம் ரீச்சர் கண்ணை மூடிக்கொண்டு, "நான் இஞ்சை கண்டுக்குட்டி மாதிரிப் பாலைக் குடிச்சுக்கொண்டு கிடக்கிறன், உங்களுக்கு ரொட்டிக் கதை" என்பார். ஆனால் நிறுத்தச் சொன்னதில்லை.

பனிவெளியை விளக்குவது முதலில் பெரும்பாடாக இருந்தது. உப்பளத்தை நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அது பிடிபட்டது. உப்பு முழுவதும் ஐஸ் என்றேன். திருவிழாவில் சர்பத்துக்குள் போடும் ஐஸை நீர்வேலிக்காரி கண்டிருந்தாள். "அதுக்கு மேலை நடக்கிறதோ? காலிலை செருப்பு உண்டோ?" என்று கேட்டாள். உண்டு என்று சொன்ன பிறகுதான் துரையை நடக்கவிட்டாள்.

மனிதனைத் தேடும் வேலையை, எனக்குத் தெரியாமலே, வார்ட் எடுத்துக்கொண்டது. மூன்றாம் அதிகாரத்தில் உறைந்த ஆறு காலடியில் வெடிக்கிறது. துரை அந்த இடத்தில், ஆறு எங்களை வரவேற்க எழுந்து நின்றது என்று வேடிக்கையாக எழுதியிருக்கிறார். இந்த ஆசிரியர் நகைச்சுவை மிக்கவர் என்று நான் கொப்பியில் குறித்துக்கொண்டேன்.

"பயந்திட்டான்" என்றாள் அவள்.

"இல்லை அக்கா, பகிடியாத்தான் எழுதியிருக்கிறார்."

"அதுதான் சொல்லுறன். எங்கடை அண்ணை பாம்பைக் கண்டால் பகிடி விடுவார். மற்ற நேரத்திலை வாயே திறவார். முந்திப் பகிடி விட்டவனோ உவன்?"

பின்னால் புரட்டிப் பார்த்தேன். முதல் இரண்டு அதிகாரங்களில் ஒரு வேடிக்கையும் இல்லை. குறிப்பை அடித்துவிட்டு, ஆபத்து வரும்போது மட்டும் வேடிக்கையாக எழுதுகிறவர் என்று மாற்றினேன். அடுத்த விடைத்தாளில் அந்த வரிக்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு சரி விழுந்திருந்தது. அதைக் கொண்டுபோய் அவளுக்குக் காட்டினேன்.

"எனக்கும் ஒரு கடுதாசி அனுப்பச் சொல்லு, பாஸ் பண்ணினதெண்டு" என்றாள்.

அவளுக்குத் துரையில் அவ்வளவு பற்று இல்லை. ரொட்டிக்காரன் என்று அவள் பெயர் வைத்த சமையற்காரனில்தான் உயிர். மா குறைகிறது என்று புறுபுறுத்துக்கொண்டே இருப்பான். ஒவ்வொரு நாளும் ஒரு பிடி மாவை ஒருவருக்கும் தெரியாமல் ஒதுக்கி வைத்து, புயலில் அடைபட்டு எல்லாரும் சோர்ந்து கிடந்த நாளில் எடுத்துச் சுட்டுக் கொடுத்தான். "உவன் குடும்பகாரன்" என்று அவள் தீர்ப்புச் சொன்னாள். நாலாம் அதிகாரத்தில் அவன் ஐஸில் வழுக்கி விழுந்து முழங்கால் பிசகிவிட்டது. நொண்டிக்கொண்டே நடந்தான். அன்று முதல் அவன் அவளுக்குச் சொந்தக்காரனாகிவிட்டான்.

மூன்று வாரம் ஆனபோது அவளுடைய தமையன் மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வந்து நின்றார். அதிகம் பேசாத, ஒல்லியான மனிதர். தங்கச்சியை மட்டை வைத்துக் கட்டுகிற முறிவு வைத்தியரிடம் கொண்டுபோகப் போவதாகச் சொன்னார். ஊரில் பலருக்கு அந்த வைத்தியர் கையால் சுகம் கிடைத்திருந்தது. அதில் பிழை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் இழுத்துக் கட்டிய எலும்பு பாதி பொருந்தியிருக்கிறது, இந்த நிலையில் அவிழ்த்து வண்டியில் ஏற்றினால் பொருந்தினது விலகும், கால் இரண்டு அங்குலம் குறைந்து ஆயுள் முழுக்க நொண்ட வேண்டி வரும் என்று டொக்டர் அம்மா சொன்னார். இன்னும் ஏழு வாரம் கிடக்க வேண்டும் என்றும் சொன்னார்.

"ஏழு கிழமையோ!" என்று அவள் கத்தினாள். "வெங்காயம் நடுற காலம் வருகுது. ஒரு கிழமை உந்தக் கட்டிலிலை நீங்கள் கிடந்து பாருங்கோ."

நான் மருந்துத் தட்டோடு பக்கத்தில் நின்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை. "அக்கா, கதை பாதியிலை கிடக்கு. அது முடியுமட்டும் இருங்கோவன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு கப்பியைப் பார்த்தாள். "உன்ரை கதை எவ்வளவு காலம் போகும்?"

மனத்துக்குள் கணக்குப் போட்டேன். பதினொரு அதிகாரம் மிச்சம். ஓர் அதிகாரத்தை நாலைந்து பகலாக இழுத்தால் ஏழு வாரம். "ஏழு கிழமை" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். "அண்ணை, வண்டியைத் திருப்புங்கோ. ரொட்டிக்காரனும் பிசகின காலோடைதான் போறான். அவன் கரை சேரட்டும். அவன் சேர்ந்தால் என்ரை காலும் சேரும். பிள்ளையாருக்கு மோதகம் அவிச்சு வைக்கிறன் எண்டு நேந்திருக்கிறன், ரெண்டு பேருக்குமாய்."

வார்ட்டில் எல்லாரும் சிரித்தார்கள். நான் மட்டும் மருந்துத் தட்டோடு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தேன். நால்வர் புறப்பட்டனர், மூவர் போய்ச் சேர்ந்தனர் என்று நானே எழுதியிருந்தேன் அல்லவா? சேராத அந்த ஒருவன் ரொட்டிக்காரன். பன்னிரண்டாம் அதிகாரத்தில் அவன் இறந்துபோகிறான்.

அந்தப் பயணம் முடிந்து புத்தகம் அச்சாகியே பல வருடமாகிவிட்டது, இனி நேர்ந்து என்ன ஆகப் போகிறது என்று அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவளைப் பொறுத்தவரை ரொட்டிக்காரன் நேற்று எந்த இடத்தில் நின்றானோ அந்த இடத்தில் நிற்கிறான். நான் வந்து புத்தகத்தைத் திறந்தால்தான் அடுத்த அடி வைப்பான்.

இழுத்து இழுத்துப் படித்தேன். சில நாள் அரைப் பக்கம். வேண்டாத இடத்தில் நாய்களின் பெயரை எல்லாம் விளக்கினேன். இருந்தும் ஏழாம் வாரத்தில் பதினோராம் அதிகாரம் முடிந்துவிட்டது. இன்னும் மூன்று வாரம் அவள் கிடக்க வேண்டியிருந்தது.

அன்று பின்னேரம் ரீச்சர் மருந்தறை வாசலுக்கு மெல்ல நடந்து வந்தார். அப்போது அவருக்குக் கஞ்சி கொடுக்கத் தொடங்கியிருந்தார்கள்.

"நீர் புத்தகத்தை வாங்கிலை வச்சிட்டுப் போனீர். நான் முன்னுக்கு வாசிச்சுப் பாத்தன்" என்றார்.

நான் கையில் இருந்த போத்தலுக்கு மூடி போட்டேன்.

"அந்தப் பக்கத்தை விட்டிட்டு அங்காலை போம். அவன் நடந்துகொண்டே இருக்கட்டும். ஆருக்குத் தெரியப்போகுது?"

"ரீச்சர், நீங்களோ சொல்லுறியள்?"

"முப்பது வருசம் பிள்ளையளுக்குப் பொய் சொல்லக்கூடாதெண்டு படிப்பிச்சன். ஒருத்திக்குக் கால் போறதைப் பாத்துக்கொண்டிருக்கச் சொல்லிப் படிப்பிக்கேல்லை. கர்த்தர் என்னோடை கதைச்சுக்கொள்ளட்டும்."

இரண்டு நாள் யோசித்தேன். கொப்பியில் ஒரு கோடு கீறி, இடப்பக்கம் மறைப்பதற்குக் காரணம், வலப்பக்கம் சொல்வதற்குக் காரணம் என்று எழுதினேன். இடப்பக்கம் ஆறு காரணம் சேர்ந்தது. வலப்பக்கம் ஒன்றே ஒன்று: போத்தலுக்குள் இருப்பதைத்தான் சீட்டில் எழுத வேண்டும். நடந்த கதை என்று சொல்லித்தான் அவளுக்கு அதைக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆறுக்கு எதிரே அந்த ஒன்று அசையாமல் நின்றது. மூன்றாம் நாள் வாசித்தேன்.

துரை எழுதியிருந்தது இவ்வளவுதான்: காலையில் சமையற்காரன் விழிக்கவில்லை. ஒன்பது மணிக்குப் புறப்பட்டோம்.

யன்னலுக்கு வெளியே காகம் கத்தியது. அவள் தலையை என் பக்கம் திருப்பினாள்.

"பேந்து?"

"அவ்வளவுதான் அக்கா. பிறகு காத்துத் திசை மாறினதைப் பற்றி எழுதியிருக்கிறார்."

"விழிக்கேல்லை எண்டால்?"

நான் புத்தகத்தை மூடினேன். அவள் முகம் ஒருமுறை சுருங்கிற்று.

"ஒரு வரியோ? மறைச்சு மறைச்சு மா வச்சுச் சுட்டுக் குடுத்தவனுக்கு ஒரு வரியோ? ஒன்பது மணிக்கு வெளிக்கிட்டினமாம்! அறுவான். அவனுக்கு நெஞ்சுக்கை என்ன, ஐஸ்தானோ கிடக்கு?" பிறகு சத்தம் தணிந்தது. "அவன் சேரேல்லை. இனி என்ரை காலும் சேராது. பிள்ளை, நீ நல்ல பிள்ளை. ஆனால் இனி உந்தத் துரையின்ரை வாயிலை வந்த ஒண்டும் எனக்குச் சொல்லாதை."

மறுநாள் பார்க்க வந்த ஊர்க்காரியிடம், சனிக்கிழமை வண்டி கட்டிக்கொண்டு வரும்படி தமையனுக்குச் சொல்லி அனுப்பினாள். டொக்டர் அம்மா வந்து கோபித்தார், பிறகு கெஞ்சினார். அவள் சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டு கிடந்தாள். அன்று செவ்வாய்க்கிழமை.

புதன்கிழமை இரண்டு மணிக்கு வழக்கம்போல அதே வாங்கில் போய் இருந்தேன். வேறு எங்கே போவது என்று தெரியவில்லை. துரை மீது எனக்கும் கோபம். ஆனால் அடுத்த விடைத்தாள் அனுப்ப நாலு நாளே இருந்தது. அவருடைய கதையைத் தொட மனம் வரவில்லை. ஆகவே தள்ளி வைத்திருந்த பட்டியல்களை எடுத்து, ஒவ்வொன்றாகக் கொப்பியில் எழுதத் தொடங்கினேன். மனம் குழம்பினால் நான் செய்வது அதுதான்.

"என்ன எழுதுறீர்?" என்று ரீச்சர் கேட்டார்.

"சாமான் பட்டியல் ரீச்சர். அதிகார முடிவிலை வாறது. இவ்வளவு நாளும் உங்களுக்கு வாசிக்காமல் விட்டது."

"சத்தமா வாசியும். எனக்கும் பொழுது போகவேணும்."

வாசித்தேன். முதல் பட்டியல்: மா இருநூறு இறாத்தல், பயறு நாற்பது, உப்பிட்ட இறைச்சி அறுபது, தேயிலை எட்டு, கேத்தில் ஒன்று, இரும்புத் தாச்சி ஒன்று நாலரை இறாத்தல், துரையின் எழுத்துப் பெட்டி ஒன்று, படம் பிடிக்கும் கருவி ஒன்று. இரண்டாம் பட்டியல், மூன்றாம் பட்டியல். ஐந்தாவதில் சுவர்ப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"மா அவ்வளவு கெதியாய் முடியாது. நாலு பேருக்கு நாளுக்கு எவ்வளவு?"

"ஒளிச்சு வைக்கிறானே அக்கா, அதுவும் சேர்த்துத்தான்."

"ஓமோம்." நான் ஆறாம் பட்டியலுக்குப் போனேன்.

பன்னிரண்டாம் பட்டியல், அவன் இறந்த அதிகாரத்தில் உள்ளது. மா ஒன்பது இறாத்தல், தேயிலை அரை இறாத்தல், கேத்தில் ஒன்று, தாச்சி ஒன்று. பதின்மூன்றில் படம் பிடிக்கும் கருவி இல்லை. பாரம் குறைக்க எறிந்துவிட்டதாகக் கீழே ஒரு குறிப்பு. பதினான்கில் எழுத்துப் பெட்டியும் இல்லை, துரையின் மாற்றுச் சப்பாத்தும் இல்லை, கூடாரத்தில் பாதி இல்லை. மா இல்லை. கேத்தில் ஒன்று. தாச்சி ஒன்று.

"நில்லு" என்றாள் அவள். தலை இன்னும் சுவர்ப் பக்கம்தான். "மா இல்லையெண்டு சொன்னாய்."

"ஓம். முடிஞ்சுது."

"இறைச்சி?"

"அதுவும் இல்லை. மிச்சம் இருக்கிறது பயறும் கொஞ்சத் தேயிலையும்."

"அப்ப தாச்சி என்னத்துக்கு?"

நான் கொப்பியைப் பார்த்தேன். எத்தனையோ தரம் பார்த்த வரி.

"ஐஸை உருக்கித் தண்ணி எடுக்கிறதுக்கு இருக்கும்" என்றார் ரீச்சர்.

"தண்ணிக்குக் கேத்தில் இருக்கு. பயறும் அதுக்குள்ளை அவிக்கலாம். பிள்ளை வாசிச்சதுதானே, ஒவ்வொருக்காலும் கேத்தில் ஒண்டு கேத்தில் ஒண்டு எண்டு." அவள் இப்போது திரும்பிவிட்டாள். கப்பி கிறீச்சிட்டது. "கேத்திலும் இருக்கேக்கை, சப்பாத்தை எறிஞ்சவன், படப்பெட்டியை எறிஞ்சவன், நாலரை இறாத்தல் இரும்பை ஏன் இழுத்துக்கொண்டு போறான்? அடுத்ததை வாசி."

பதினைந்தில் இருந்தது. பதினாறில், கடற்கரையில் கப்பல் அவர்களை ஏற்றிக்கொண்ட நாளில் எழுதிய கடைசிப் பட்டியலில், மொத்தம் ஐந்தே சாமான்கள். கேத்தில் ஒன்று, கத்தி இரண்டு, துவக்கு ஒன்று, நாட்குறிப்புப் புத்தகம் ஒன்று, தாச்சி ஒன்று.

"அதைப் பற்றி எங்கையாவது சொல்லியிருக்கிறானோ? ஏன் கொண்டு போறன் எண்டு?"

தேடினேன். எனக்குத் தேடத் தெரியும். ரீச்சரும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒரு பக்கத்திலிருந்து தேடினார். பன்னிரண்டாம் அதிகாரத்துக்குப் பிறகு எழுத்தில் ஓரிடத்திலும் தாச்சி என்ற பேச்சு இல்லை. ஒரு வேடிக்கையும் இல்லை. பட்டியலில் மட்டும் இருந்தது.

அவள் தலையணையை இழுத்து நிமிர்ந்து படுத்தாள்.

"அழுதிருக்கிறான்" என்றாள். "எங்களுக்குக் காட்டேல்லை. விசரன்."

பிறகு என்னை நோக்கி, "அவன்ரை தாச்சி கரை சேந்திட்டுது, என்ன?"

"சேந்திட்டுது அக்கா."

வண்டி வருவதைப் பற்றி நான் கேட்கவில்லை. சனிக்கிழமை வரட்டும் என்று இருந்தேன். வியாழனும் வெள்ளியும் பதின்மூன்றாம் அதிகாரத்தைப் படித்துச் சொன்னேன். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை என்பதே எனக்குப் பெரிதாக இருந்தது.

சனிக்கிழமை காலை எட்டு மணிக்கே வண்டி வந்துவிட்டது. உள்ளே வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்து, இரண்டு தலையணையும் வைத்துத் தமையன் கவனமாகத்தான் ஆயத்தம் செய்திருந்தார். மருந்தறை யன்னலால் பார்த்துக்கொண்டு நின்றேன். கையில் அளக்கும் கிளாஸ். அளக்க வேண்டியதை மூன்று தரம் அளந்தேன்.

வார்ட்டுக்குள்ளிருந்து அவள் குரல் மட்டும் கேட்டது.

"அண்ணை, வெறும் வண்டியோ கொண்டு வந்தியள்?"

"உன்னை ஏத்தத்தானே வெறும் வண்டி."

"நான் இன்னும் மூண்டு கிழமைக்கு வரமாட்டன்."

"நீதானேடி வரச்சொல்லிச் சொல்லி விட்டனி!"

"அது செவ்வாய்க்கிழமை. இண்டைக்குச் சனி. வெங்காயம் நடுறதுக்குக் கூலிக்கு ஆள் பிடியுங்கோ. அந்தத் துரை சொல்லாமல் பறையாமல் நாலரை இறாத்தல் இரும்பை இழுத்துக்கொண்டு போயிருக்கிறான். நான் ஒரு கயித்தோடை மூண்டு கிழமை கிடக்கமாட்டனோ?"

தமையனுக்கு எந்தத் துரை, என்ன இரும்பு என்று ஒன்றும் விளங்கியிருக்காது. விறாந்தைக்கு வந்து சுருட்டைப் பற்ற வைத்தார். என்னைக் கண்டதும் யன்னலடிக்கு வந்தார்.

"தங்கச்சி, அவளுக்குக் காய்ச்சலோ? துரை இரும்பெண்டு ஏதோ சொல்லுறாள்."

"இல்லை அண்ணை. சுகமாகத்தான் இருக்கிறா."

அவர் வண்டியை ஒருமுறை பார்த்தார். "அப்ப உந்த வைக்கோலை மாடு தின்னட்டும்" என்றார். அவர் பாம்பு எதையும் காணவில்லை. ஆனாலும் அதைப் பகிடி என்று கணக்கில் எடுத்துக்கொண்டேன்.

அன்று பின்னேரம் விடைத்தாளை எழுதினேன். தாச்சி வரும் பட்டியல்களையும், தாச்சிக்குப் பக்கத்தில் இல்லாமல் போன சாமான்களையும் வரிசையாக எழுதி, இந்த ஆசிரியர் தம் துக்கத்தைப் பட்டியலில் மட்டும் எழுதுகிறவர் என்று முடித்தேன். சிவப்பு மை ஆசிரியரும் ஐஸ் உருக்குவதற்காக இருக்கலாமே என்று ஓரத்தில் கேட்டிருந்தார். கேத்தில் வரும் பக்க எண்களை ஒரு தபாலட்டையில் எழுதி அனுப்பினேன். பதில் அட்டையில் ஒரு சரி மட்டும் போட்டிருந்தார்.

பத்தாம் வாரம் கயிற்றை அவிழ்த்தார்கள். டொக்டர் அம்மா இடுப்பிலிருந்து குதிக்கால் வரை இரண்டு காலையும் நாடாவால் அளந்தார். பிறகு மறுபடி அளந்தார். முறிந்த கால் அரை அங்குலம் குறைவு.

"அரை அங்குலந்தானே" என்றாள் அவள். "செருப்புக்குள்ளை ஒரு தோல் வச்சால் சரி. நான் என்ன, கல்யாணத்துக்கோ நிக்கிறன்?" ஆனால் முகம் சற்று வாடித்தான் இருந்தது. தாச்சிதான் சேர்ந்தது, ரொட்டிக்காரன் சேரவில்லை; அரை அங்குலம் அதற்காகப் போயிருக்கும் என்று பிறகு ரீச்சரிடம் சொன்னாளாம். கணக்கு அவளுக்குச் சரியாக வந்தது.

அவள் போகும் நாளில் தமையன் பிரம்புக் கூடையில் மோதகம் கொண்டு வந்தார். நேர்த்தியை அவர் கோயிலில் முடித்துவிட்டு வந்திருந்தார். ரீச்சர் மிஷன்காரர் என்பதால் எனக்குத் தயக்கமாக இருந்தது. அவரோ இரண்டு எடுத்துக்கொண்டு, "இது ரொட்டிக்காரன்ரை ஞாபகத்துக்கு, வேறை ஒண்டுமில்லை" என்று சொல்லி, டொக்டர் அம்மா காணாமல் சாப்பிட்டார்.

அவள் கக்கத்துக் கட்டைகளை ஊன்றிக்கொண்டு மருந்தறை வாசல் வரை வந்தாள். முதல் தரமாக அவள் நிற்பதை அன்றுதான் கண்டேன். என்னைவிட உயரம். பத்து வாரமும் எனக்கு அது தெரியாது.

"பிள்ளை, உன்னட்டைத் தராசு இருக்குத்தானே?"

"இருக்கு அக்கா."

"நாலரை இறாத்தல் எண்டால் எவ்வளவெண்டு ஒருக்காக் காட்டு. கையிலை பிடிச்சுப் பாக்கவேணும்."

மருந்துத் தராசு சின்னது. ஆகவே பண்டகசாலைப் பெரிய தராசின் படிகளை எடுத்து, நாலு இறாத்தலும் அரை இறாத்தலும் சேர்த்து ஒரு துவாயில் முடிந்து கொடுத்தேன். ஒரு கட்டையைச் சுவரில் சாத்திவிட்டு, வலக் கையால் வாங்கிப் பிடித்தாள். மெல்ல மேலும் கீழும் அசைத்தாள். தமையன் வண்டியடியிலிருந்து கூப்பிட்டார். அவள் அசைத்துக்கொண்டே நின்றாள்.

"பாரந்தான்" என்று சொல்லித் திருப்பித் தந்தாள்.